தெற்கு ஜன்னல்

இடித்துத் தள்ளிய பஞ்சாயத்து மண்டபத்தைப் பழையபடியே கட்டப்போகிறார்களாம். இன்று அந்தப் பக்கம் போனபோது குழைத்த சுண்ணாம்பின் வாசம் மூக்கில் ஏற, நரைத்த மீசையோடு நான் வீராப்பாக நிற்கையிலேயே என் கால்கள் என்னைக் கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டன.

"அண்ணே, நீங்க இந்த ஊர்தானே? உள்ளே மேற்கூரை எப்படி இருந்துச்சு?" என்றார் இஞ்சினியர் தம்பி. படிக்காத பாடத்தில் கேள்வி வந்தவன்போல எனக்கு வேர்த்துக் கொட்டியது.

காலனிக்காரர்களான எங்களுக்கு மண்டபம் என்றால் தெற்கு ஜன்னல்தான். உள்ளே விசிறி கடகடக்க, எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போடுவதா வேண்டாமா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டேயிருக்க, வெளியே வெயிலில் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க, சிறுவனான நான் துருவாடை வீசும் கம்பியில் கன்னத்தை அழுத்தி எட்டிப் பார்ப்பேன். மேசைக்கடியில் ஆடும் கால்கள்தான் தெரியும்.

"தலைய உள்ள வுடாதடா, கொயா வராம பூடப்போவுது," என்று அப்பா சட்டையைப் பிடித்து இழுப்பார். தலையை இழுத்துக்கொள்வேன். குழாய் அப்படியும் வரவில்லை.

"என்னண்ணே, ஞாபகம் இல்லையா?"

"ஜன்னல் நல்லா ஞாபகம் கீது தம்பி. இந்த வாட்டி கம்பிய கொஞ்சம் வழவழன்னு வைங்க. கன்னத்துல அச்சு வுயுது."