இடது கைக்கு ஒரு மைக்

அவரை எல்லோரும் 'இடி' என்றுதான் கூப்பிட்டார்கள். டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தாரென்றால் பக்கத்து அறையின் கண்ணாடி அதிரும். குச்சி முறியும். சில நேரம் மைக்கும் சேர்த்து அடி வாங்கும். ஒலிப்பதிவுக் கூடத்தில் வயர் சுற்றி வைக்கும் வேலைக்குச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே மைக் வைக்கப் பழகியிருந்த பெண் ஒருத்தி, ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"தோலை அடிங்க, சரி. மைக்கை ஏன் அடிக்கிறீங்க? அது உங்களை என்ன பண்ணுச்சு?"

அதுவரை அவள் குரல் உயர்ந்து அங்கே யாரும் கேட்டதில்லை. அன்று தொடங்கிய சண்டை ஓய்ந்தபோது இருவருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது.

இப்போது அந்தக் கூடமே அவள் பொறுப்பில்தான் இருக்கிறது. வருகிறவர்களுக்கு அவள் மைக் அக்கா. பேச்சு இன்னும் குறைவுதான். ஆள் உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், அவர் எந்தப் பக்கம் சாய்ந்து வாசிப்பார் என்று கணக்குப் போட்டிருப்பாள்.

போன வருஷம் வீட்டில் பல்பு மாற்ற ஏணியில் ஏறிய இடி, ஏணியோடு கீழே வந்தார். இடது மணிக்கட்டு நொறுங்கிப்போனது. எலும்பு கூடியது, பலம் கூடவில்லை. சட்டைப் பொத்தான் போடுவார். இறுகிய மூடி என்றால் புட்டியை மனைவியிடம் நீட்டிவிடுவார். டிரம்ஸ் பக்கம் போகவே இல்லை. யாராவது விசாரித்தால், "இடி இப்ப தூறலாயிடுச்சுப்பா" என்று தானே முந்திக்கொண்டு சிரிப்பார். அவளுக்கு மட்டும் அந்தச் சிரிப்பு ஒட்டாது.

அப்படியிருக்கும்போது, முன்பு அவர் வாசிப்புக்குப் பாடிக்கொண்டிருந்த பெண் புதுப் பாட்டோடு வந்தாள். பாடிய குரல் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. "அண்ணன்தான் வாசிக்கணும்" என்று பிடிவாதமாக நின்றாள். பதிவுக்குக் குறித்த நாளில் கூடம் மதியம் வரைதான் காலி, பிறகு வேறு ஆள் வருகிறார். சரிவரவில்லை என்றால் தாளத்தை மெஷினில் போட்டுக்கொள்வதாகப் பேச்சு.

அன்று காலை அவர் ஷேவ் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இன்று டிரம்ஸ் ஸ்டூலிலிருந்து தோற்றுப்போய் எழுந்தால் மனிதர் இனி ஜென்மத்துக்கும் அதில் உட்கார மாட்டார். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

எப்போதும் வைக்கிற மாதிரியே மைக்குகளை வைத்தாள். காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் துளைக்குள் கனத்த மைக் ஒன்று. இடது கை விழும் ஸ்னேர் என்ற சின்ன டிரம்மின் விளிம்பில், எவ்வளவு அடியும் தாங்குகிற முரட்டு மைக். தலைக்கு மேலே உயரத்தில் இரண்டு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

வாசித்தார். வலது கை பழைய வலது கைதான். அது தட்டுகிற ஹை-ஹாட், அந்த ஜோடித் தகடு, சளசளவென்று எல்லாவற்றையும் மூடியது. இடது கை ஸ்னேரில் விழுவது பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுவதுபோல் இருந்தது. ஸ்னேரின் ஒலியைக் கூட்டினால் அந்த மைக்குக்குள்ளேயே தகடு புகுந்து கத்தியது. போய் மைக்கின் முதுகைத் தகட்டுப் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் அடங்கியது. போதவில்லை.

பாட்டுக்காரப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா, அண்ணனோட பழைய அடியெல்லாம் உங்ககிட்ட பதிவா இருக்குமே. ஸ்னேர் வர்ற இடத்துல அதை வெட்டி ஒட்டிடலாமா?"

உள்ளே இருப்பவரோடு பேசும் பொத்தான் அமுங்கியிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

"தாராளமா ஒட்டுங்கம்மா" என்றது ஸ்பீக்கரில் அவர் குரல். "பழைய ஆளே வந்து வாசிச்சிட்டுப் போகட்டும். நான் வீட்டுக்குப் போய்த் துணி மடிக்கிறேன்."

பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் குச்சிகளை மடியில் வைத்தார்.

மைக் அக்கா உள்ளே ஓடினாள். "எழுந்திருக்காதீங்க. அப்படியே இருங்க."

எழுந்திருக்காதே என்று சொல்லியாயிற்று. என்ன செய்வதென்று தெரியவில்லை. நின்று மைக்குகளையே பார்த்தாள். எல்லாம் இடிக்கு வைத்த மைக்குகள். உட்கார்ந்திருப்பவரோ வேறு ஆள். பத்து நிமிஷமாக அவள் இந்த ஆளை அந்த ஆளாக்கத்தான் பாடுபட்டிருக்கிறாள்.

முரட்டு மைக்கைக் கழற்றினாள். அலமாரியில் மெத்தைப் பெட்டிக்குள் இருந்த, வயலினுக்கு வைக்கும் ஒல்லியான மைக்கை எடுத்து வந்தாள். மூச்சு விட்டாலும் வாங்கிக்கொள்கிற சாதி.

"இதுவா?" என்றார். "இதை என் கண்ணுல கூடக் காட்ட மாட்டியே நீ!"

"அப்ப அடிச்ச அடிக்கு இது ஒரே நாள்ல உயிரை விட்டிருக்கும். இப்பதான் பயமில்லையே."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தத் தோன்றியது. அவர் அவளையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஏணியிலிருந்து விழுந்த பிறகு அவள் கேட்ட முதல் நிஜமான சிரிப்பு.

"வலது கையைக் குறைங்க" என்றாள். "காலையும்தான். இடது கை எவ்வளவோ, எல்லாமே அவ்வளவுதான்."

"அப்படி வாசிச்சா யாருக்கும்மா கேக்கும்?"

"எனக்குக் கேக்கும். மத்தவங்களுக்குக் கேக்க வைக்கிறது என் வேலை."

மேலே இருந்த இரண்டையும் அவர் தோள் உயரத்துக்கு இறக்கினாள். ஸ்னேரிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். நூலின் ஒரு நுனியை அவரைப் பிடிக்கச் சொல்லி மறுநுனியால் அளந்தாள். ஏசியை நிறுத்தினாள். ஸ்டூல் கிறீச்சிட்டது. இத்தனை வருஷமாக அது கிறீச்சிட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். யார் காதில் விழுந்தது? எண்ணெய் விட்டாள். "எனக்கும் ரெண்டு சொட்டு விடு" என்று மணிக்கட்டை நீட்டினார்.

"கையை வச்சுக்கிட்டு சும்மா இருங்க."

மறுபடி வாசித்தார். முதலில் தடுமாற்றம். காரை நடக்கிற வேகத்தில் ஓட்டச் சொன்னதுபோல் வலது கை முரண்டு பிடித்தது. இரண்டாம் தடவை அடங்கியது. மூன்றாம் தடவை ஹெட்போனுக்குள் என்னென்னவோ வரத் தொடங்கின. பெரிய அடிகளுக்கு நடுவே குச்சி தோலை லேசாக உரசிப்போகிற சின்னச் சின்னத் தட்டல்கள். இதெல்லாம் அன்றும் வாசித்திருப்பார்தான். அந்தச் சத்தத்தில் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கட்டிக்கொண்ட மனிதருக்குள் இப்படி ஒருத்தர் இருந்திருக்கிறாரே என்று கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார்.

முடிந்தது. பாட்டுக்காரப் பெண் ஹெட்போனைக் கழற்றவே இல்லை.

"என்னம்மா, மெஷினைக் கூப்பிடப் போறீங்களா?" என்றார் உள்ளேயிருந்து.

"மெஷினை விடுங்கண்ணே. இந்த அடிக்கு முன்னால நான் பாடினதுதான் இப்ப கத்திச் சண்டை போடுற மாதிரி இருக்கு. அதைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி பாடணும்." பக்கத்தில் திரும்பினாள். "அக்கா, நேரம் இருக்கா? அண்ணன் வாசிக்க வாசிக்கவே பாடிடறேனே."

"அண்ணன் கை தாங்குமான்னு அவரையே கேளு."

அவர் அதற்குள் குச்சிகளைக் கையில் எடுத்திருந்தார்.

மைக் அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். பாடுவதற்கு இன்னொரு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு, அதை எங்கே நிறுத்தினால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியும் என்று யோசித்தபடியே நடந்தாள்.