நாத்தனார் போட்ட முடிச்சு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதம். கொள்ளிடத்தில் தண்ணீர் கரைபுரண்டு ஓடுகிறது என்று ஸ்ரீரங்கமே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. நான் மட்டும் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

சும்மா இருக்கிற ஆளே கிடையாது நான். காய்கறிக்காரர் முதல் கேபிள்காரர் வரை என் வாய்க்குப் பயப்படாதவர் எங்கள் தெருவில் இல்லை. அப்படிப்பட்ட எனக்குப் பல் துலக்குவதே பெரும்பாடாகிவிட்டது. பசி இல்லை, தூக்கம் இல்லை, அழுகைகூட வரவில்லை. காரணம் ஏதாவது இருந்தாலாவது சொல்லலாம். ஒன்றுமே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் "உனக்கென்ன குறைச்சல்?" என்றார்கள். திருஷ்டி சுற்றிப் போட்டார்கள். என் கணவர் மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போய் மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப்புடவை வாங்கி வந்தார். பாவம், அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. டாக்டரிடம் போகலாமா என்று அவர் ஒருமுறை கேட்டதற்குச் சொந்தக்காரர் ஒருவர் பதறிவிட்டார். "மனசுக்கு வைத்தியம் பாக்கறாங்கன்னு வெளியில தெரிஞ்சா, நாளைக்கு உன் பையனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?" அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

அப்போதுதான் என் நாத்தனார் வந்தாள். கணவரின் தங்கை, மண்ணச்சநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். என் சமையலை அவள் குறை சொல்லாத நாளில்லை, நானும் பதிலுக்கு விட்டதில்லை. வந்தவள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. என் பக்கத்தில் ஒரு பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம், சிக்குப் பிடித்துக் கிடந்த என் தலையை வாரிக்கொண்டிருந்தவள் சட்டென்று கேட்டாள். "அண்ணி, செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. வராத அழுகையெல்லாம் வந்துவிட்டது. "தோணுது" என்றேன்.

அவள் பதறவில்லை, திட்டவும் இல்லை. சீப்பைக் கீழே வைத்துவிட்டு என் தாலிக்கயிற்றைத் தொட்டாள். "இதுல அண்ணன் போட்டது ஒரு முடிச்சுதான். மத்த ரெண்டும் நான் போட்டது. அப்படியெல்லாம் உங்கள விட்டுட மாட்டேன் அண்ணி. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். யாரு என்ன பேசினாலும் நான் பாத்துக்கறேன்."

போனோம். இது மனச்சோர்வு என்கிற நோய், சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை, மருந்தும் மனம்விட்டுப் பேசுவதுமாகக் குணப்படுத்தலாம் என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும், கூட வந்திருந்த என் கணவர்தான் அழுதார்.

மாத்திரை போட்ட மறுநாளே நான் துள்ளி எழுந்துவிடவில்லை. வாரக்கணக்கில் ஆனது. அதுவரை நாத்தனார் தன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பஸ்ஸில் அலைந்தாள். வெந்நீர் விளாவி வைப்பாள். நான் குளிக்காவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டாள். தட்டில் கொஞ்சமாகச் சோறு வைத்துவிட்டு, கூடவே உட்கார்ந்திருப்பாள்.

ஒரு மதியம் அவள் வைத்த சாம்பாரை ஒரு வாய் வைத்ததும், என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். "இது சாம்பாரா, புளித்தண்ணியா? உங்க ஊர்ல பருப்பே போட மாட்டீங்களா?"

கரண்டியும் கையுமாகப் போனுக்கு ஓடினாள். "அண்ணே! அண்ணி என்னோட சண்டை போடறாங்கண்ணே!"

கைலாசபுரத்தில் வேலையில் இருந்த என் கணவர் என்ன சொன்னாரோ தெரியாது. இவள் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து இன்னொரு கரண்டி ஊற்றினாள். மகா மட்டமான சாம்பார். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

போன வருடம் மகனுக்குப் பெண் பார்க்கப் போனோம். யாரோ சொல்லி அவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று நானே வாயைத் திறந்தேன். எனக்கு மனச்சோர்வு வந்தது, இன்னமும் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். பெண்ணின் அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எந்த டாக்டருங்க? என் தம்பிய அழைச்சிட்டுப் போகணும்" என்றார்.

தை மாதம் கல்யாணம். அந்த மாம்பழ நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு மேடையில் நிமிர்ந்து நின்றேன். மகன் முதல் முடிச்சைப் போட, மற்ற இரண்டையும் போட என் மகள் குனிந்தாள். "நல்லா இறுக்கிப் போடுடி!" என்று நாத்தனார் போட்ட சத்தம் கெட்டிமேளத்தையும் மீறிக் கேட்டது.

அவளுக்கு இன்றைக்கும் சாம்பார் வைக்கத் தெரியாது. ஆனால் விழுந்து கிடக்கிறவர் பக்கத்தில் ஒரு பாயைப் போட்டுப் படுக்கத் தெரியும், கேட்க வேண்டியதை நேராகக் கேட்கத் தெரியும். அதனால்தான் இதை உங்களிடம் சொல்ல நான் இருக்கிறேன்.