‘தி’ன்னா திருமணம் இல்ல சார்

வீட்டில் அவளுக்கு உடும்பு என்று பெயர். அண்ணன் வைத்தது. ஐந்து வயதில் ஒரு கடைக்காரரின் மேசைக் காலைக் கட்டிக்கொண்டு, பென்சில் வாங்கித் தந்தால்தான் விடுவேன் என்று அரை நாள் உட்கார்ந்திருந்தாளாம். அன்றைக்கு ஒட்டின பெயர். இப்போது வயது ஐம்பத்திரண்டு. பெயரும் போகவில்லை, பிடியும் போகவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள், முப்பது வருஷமாக. டாக்டர் சீட்டைப் பார்த்து, ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸின் விளிம்பைத் தேய்த்து மாட்டிக் கொடுக்கிற வேலை. மயிரிழை தப்பினாலும் வாங்கினவருக்குத் தலைவலி வரும். அப்புறம் அந்த ஆளே இவளுக்குத் தலைவலியாக வந்து நிற்பார். அதனால் எதையும் இரண்டு தரம் பார்க்காமல் விடமாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்குப் போன வருஷம் ஒரு வேலை வந்து வாய்த்தது. அண்ணன் புது வீடு கட்டினான். அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது, இரண்டு முழங்காலும் மக்கர். அம்மா கூட இருந்த உடும்பின் வீடோ மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அண்ணன் கீழ்த்தளத்தில் அம்மாவுக்கென்றே ஓர் அறை போட்டு, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பிகூட வைத்திருந்தான். அம்மா போகமாட்டேன் என்றாள்.

"முன் ரூம்ல உங்கப்பா போட்டோவ மாட்டு. மாட்டினா வர்றேன்."

"குடிகாரன் போட்டோ என் வீட்டுச் சுவத்துல ஏறாது."

முடிந்தது கதை. அதற்கப்புறம் தாயும் மகனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "சாப்பிட்டாளா?", "சாப்பிட்டானா?" எல்லாம் உடும்பின் போன் வழியாகத்தான். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது அவள்தான்.

அப்பா குடிநீர்த் தொட்டியில் பம்பு ஓட்டினவர். நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் தொட்டிக்குள் இறங்கினவர் உயிரோடு ஏறி வரவில்லை. அண்ணனுக்கு அப்போது பத்து வயது, இவளுக்கு ஆறு. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. ஐந்து வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் அப்பாவின் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அண்ணன் நகல் வாங்கிப் படித்தான். காரணம் என்ற கட்டத்தில் ‘அளவு மீறிய மது’ என்று இருந்தது. பதினைந்து வயதுப் பையனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? குடித்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டான்.

அம்மா அன்றைக்கே சத்தியம் செய்தாள். "அந்த மனுசன் ஒரு சொட்டு தொட்டதில்லடா!" அடுத்த வாரம் தனியாகப் பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பிப் போனாள். பல தடவை அலைந்தாள். கடைசியில், "திருத்திட்டேன்டா, திருத்தியாச்சுன்னு ஆபீசுலயே சொல்லிட்டாங்க" என்று வந்து நின்றாள். கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. வேலைக்குச் சேரும்போதும், மனையைத் தன் பேருக்கு மாற்றும்போதும் அண்ணன் புது நகல் வாங்கினான். இரண்டிலும் மது மதுவாகவே இருந்தது. புருஷனைக் காப்பாற்ற அம்மா புளுகுகிறாள் என்று அவன் நினைத்தான். மறைப்பானேன், உடும்பும் பாதி அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஒரு நாள் காலை அம்மா இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மேலேயும் ஏற முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். "உனக்கு என்னம்மா அவ்வளவு வீம்பு?" என்று உடும்பு கத்தினாள். "நான் பொய் சொல்லலடி" என்றாள் அம்மா, அவ்வளவு மெதுவாக. பொய்யா மெய்யா, ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன் என்று உடும்பு கிளம்பிவிட்டாள்.

கடைக்கு வியாழக்கிழமை விடுமுறை. வியாழன்தோறும் பதிவு அலுவலகத்தில் பழைய பதிவேடுகள் வைத்திருக்கிற காப்பறையில் போய் நின்றாள். இரும்பு ரேக்குகள், துணியில் கட்டின மூட்டைகள், பூச்சி மருந்து நெடி, கிரீச் கிரீச்சென்று ஒரு மின்விசிறி. காப்பறைக்காரர் ஓய்வு பெற ஆறு மாதம் இருந்த மனிதர், நல்லவர்தான். பதிவேட்டை எடுத்து விரித்தார்.

"திருத்தம் இருந்தா ஓரத்துல எழுதியிருப்போம்மா. எழுதல. அப்போ இல்ல."

அடுத்த வியாழன் வேறு வருஷத்துப் பதிவேடுகளைக் கேட்டாள். அதற்கடுத்த வியாழன் அவளைப் பார்த்ததுமே அவர், "மறுபடியும் நீங்களா?" என்றார்.

"நானேதான் சார். நாற்காலி இருக்கா?"

நாலாவது வியாழன் கடையிலிருந்து பூதக்கண்ணாடியைக் கொண்டுபோனாள். லென்ஸில் தயாரிப்பாளர் பொறித்த குறி நேராகப் பார்த்தால் தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரியும். பதிவேட்டை அப்படியே தூக்கி ஜன்னல் பக்கம் சாய்த்தாள். அப்பா பேருக்கு எதிரே ஓரத்தில், பென்சில் அழிந்துபோய் அழுத்தின தடம் மட்டும் இருந்தது. தி. 112.

"சார், இது என்ன ‘தி’?"

அவர் குனிந்து பார்த்தார். "‘தி’ன்னா திருமணம்மா. கை தவறி இங்க எழுதியிருப்பாங்க."

"செத்தவருக்கு எதுக்கு சார் திருமணம்?"

சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். "முப்பத்தஞ்சு வருசம் முன்னால, நான் வேலைக்கு வந்த புதுசுல ஆபீஸ் இடம் மாறிச்சு. ‘தி’ன்னு எழுதின கட்டுகளையெல்லாம் கல்யாண ரேக்குல அடுக்கச் சொன்னாங்க. அடுக்கினோம்."

"அட கடவுளே! ‘தி’ன்னா திருத்தம் சார்! சாவையெல்லாம் கொண்டுபோய்க் கல்யாணத்துல சேர்த்துட்டு, திருத்தமே இல்லன்னு முப்பத்தஞ்சு வருசமா சொல்லிட்டிருக்கீங்களே!"

பாவம், அவர் முகம் செத்துப்போனது. ஏணியைப் போட்டார். அவர் மேலிருந்து கட்டுகளை எடுத்துக் கொடுக்க, இவள் கீழே வாங்கிப் பிரித்தாள். தும்மித் தும்மி மூக்கு சிவந்தது. ஏழாவது கட்டில் 112 கிடைத்தது. மூன்று தாள்.

முதல் தாள் உத்தரவு. ‘மது’ என்பதை நீக்கி, ‘ஏணிப்படி முறிந்து தொட்டி நீரில் மூழ்கியதால்’ என்று திருத்தச் சொன்னது. இரண்டாவது தாள் தொட்டி மேற்பார்வையாளரின் கடிதம். இவருக்குக் குடிப்பழக்கமே கிடையாது, முறிந்த படியை நானே பார்த்தேன் என்று எழுதியிருந்தார். மூன்றாவது தாள் அம்மா சொல்லச் சொல்ல யாரோ எழுதின வாக்குமூலம். கீழே அம்மாவின் பெருவிரல் ரேகை.

"பதிவு செய்ய வந்த அன்று எனக்குப் பேச நா எழவில்லை. எப்படி இறந்தார் என்று கேட்டதற்கு, கூட வந்த என் மகன், வயது பத்து, ‘தண்ணியாலதான் செத்தாரு’ என்று சொன்னான். அவன் சொன்னது தொட்டித் தண்ணீரை. எழுதினவர் சாராயம் என்று எடுத்துக்கொண்டார். இந்த விஷயத்தை என் மகனுக்குத் தெரிவிக்க வேண்டாம். தகப்பன் பேரைக் கெடுத்தது தன் வாய்தான் என்று தெரிந்தால் பிள்ளை தாங்கமாட்டான்."

உடும்பு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்தொரு வருஷம்! பொய்க்காரி என்று பெற்ற பிள்ளையே சொன்னபோதெல்லாம் அம்மா வாயைத் திறக்கவில்லையே. காப்பறைக்காரர் பதறிப்போய், "தண்ணி குடிங்கம்மா" என்று பாட்டிலை நீட்டினார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முதல் ரெண்டு தாளுக்கு மட்டும் நகல் கொடுங்க சார். மூணாவது வேண்டாம். அப்புறம், இப்பவே ஓரத்துல திருத்தத்த எழுதுங்க. பென்சில் இல்ல, பேனா. நான் பார்க்க எழுதுங்க."

எழுதி முத்திரை குத்தின பிறகுதான் இடத்தைவிட்டு எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனை வரச் சொன்னாள். மூச்சு வாங்க மாடி ஏறி வந்தான். கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உடும்பு இரண்டு தாளையும் அவன் கையில் கொடுத்தாள். ஒரு தரம் படித்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தான். ஏதாவது நொட்டை சொல்வான், பதிலுக்குத் திட்டித் தீர்த்துவிடலாம் என்று இவள் தயாராக நின்றாள். அவன் அப்படியே கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"அம்மா, அன்னிக்கு அந்த ஆளு என்னைத்தானே கேட்டாரு? தண்ணியாலன்னு சொன்னது நான்தானேம்மா?"

அம்மா விசுக்கென்று திரும்பி மகளை முறைத்தாள். இல்லை, நான் காட்டவே இல்லை என்று உடும்பு தலையை ஆட்டினாள். அம்மா மகனின் நரைத்த தலையில் கை வைத்தாள்.

"நீ சரியாத்தான்டா சொன்ன. எழுதினவன் காதுதான் கோணல்."

ஐம்பத்தாறு வயது மனிதன் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேவிக் கேவி அழுதான். அம்மா அழவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து முதுகில் தட்டினாள்.

"போதும், எழுந்திரு. அப்பா போட்டோவ அவகிட்ட கொடு. படியில என்னை நீ பிடிச்சுக்கோ. நம்ம வீட்டுக்குப் போலாம்."