பாரிஸில் பெண் கேட்ட கதை

ஒக்லாந்தில், நாங்கள் இருக்கும் ஏவன்டேலில் வெள்ளம் வந்து எங்கள் கராஜில் இருந்த அரிசி மூட்டையெல்லாம் நனைந்து போனதே, அதற்கு அடுத்த கோடையில்தான் மகனுக்குப் பாரிஸில் பெண் கேட்டோம். அந்த அரிசியைக் காயவைத்து மா இடித்தது வேறு கதை, இப்போது வேண்டாம்.

மகனும் பெண்ணும் கனடாவில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்துப் பிடித்துப்போனவர்கள். பெண்ணின் தகப்பன்தான் மறுத்தார். ஒரே பிள்ளை, இவ்வளவு தூரம் அனுப்பமாட்டாராம். மகன் சரியாகச் சாப்பிடுவதை விட்டுவிட்டான்.

நான் அப்போது இங்கே பென்ரோஸில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் ஸ்கொட்லாந்து வம்சம். மத்தியானச் சாப்பாட்டின்போது அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து தங்கள் ராசாவின் கதையைச் சொன்னார். ஐந்நூறு வருடத்துக்குக் கிட்ட இருக்குமாம். ராசா பெண் எடுக்கத் தானே கப்பலேறிப் பிரான்சுக்குப் போனானாம். பேசிவைத்த பெண்ணை வேலைக்காரன் வேடத்தில் போய்ப் பார்த்தான், பிடிக்கவில்லை. பிரெஞ்சு ராசாவின் மகளையே கேட்டான். உன் நாடு குளிர், என் பிள்ளை நோஞ்சான் என்று தகப்பன் மறுத்தார். நான் போவேன் என்று பிள்ளை நின்றது. பாரிஸில் பெரிய மாதா கோயிலில் கல்யாணம். கப்பலால் இறங்கியதும் அவள் குனிந்து ஸ்கொட்லாந்து மண்ணை முத்தமிட்டுக் கொஞ்சினாளாம். அதற்குள் மணி அடித்துவிட்டது, வேலைக்குப் போய்விட்டோம்.

மறுநாள் காலை பாரிஸுக்கு ஃபோன் எடுத்தேன். அங்கே முதல் நாள் இரவுச் சாப்பாட்டு நேரம். கதை முழுவதையும் சொன்னேன்.

"அண்ணை, மிச்சம் தெரியுமோ?" என்றார் பெண்ணின் தகப்பன். "மகள் பக்கத்திலை இருந்து ஃபோனிலை தேடிப் பாத்துச் சொல்லுறாள். அந்தப் பிள்ளை போய் ரெண்டு மாசம் தாண்டேல்லையாம், இருமலிலை செத்துப்போச்சு."

அந்தப் பக்கம் பெண் சிரிப்பது கேட்டது. ஃபோனை வாங்கினாள்.

"மாமா, அந்த ராசா தானே வந்து கேட்டவர். உங்கடை ராசா ஏன் அப்பாவை விட்டுக் கதைக்க வைக்கிறார்?"

நான் சொல்ல அதைக் கேட்ட மகன் அந்தக் கிழமையே லீவு போட்டு விமானம் ஏறினான். நாலு நாள் பெண்ணின் தகப்பன் வீட்டில் இருந்து, சமைத்துக் கொடுத்து, கேட்டிருக்கிறான். ஐந்தாம் நாள் அவர் எனக்கு ஃபோன் எடுத்தார்.

"நேரை வந்து கேட்டவனுக்கு இல்லையெண்டு சொல்ல வாய் வருகுதில்லை அண்ணை."

இப்போது மருமகள் ஒக்லாந்தில் பஸ் ஓட்டுகிறாள். பாரிஸில் வலப்பக்கம் ஓட்டிய பிள்ளை, இங்கே இடப்பக்கம் பழகி, லைசென்ஸ் சோதனையில் முதல் தரத்திலேயே பாஸ். நான் ஏறினால், "மாமா, டிக்கெட் கார்டை மெஷினிலை தட்டிப்போட்டு இருங்கோ" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லுவாள். என் மருமகள் என்று பக்கத்து சீட்டுக்காரருக்குச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை.

தகப்பன் மட்டும் இன்னும் ஞாயிறுதோறும் ஃபோனில், இருமல் இருக்கோ, மெலிஞ்சிட்டாளோ என்று கேட்கிறார். நான் சொன்னால் நம்புகிறாரில்லை. உங்களில் யாரும் பாரிஸ் பக்கம் போனால் அவரைக் கண்டு சொல்லிவிடுங்கள்: பிள்ளை நல்ல சுகம், நானே கண்ணால் பார்த்தேன் என்று.