ஆமை மேல் ஒட்டின லட்சுமி

எழுபதுகள்ல நான் கும்மிடிப்பூண்டியில ஒரு கம்பெனியில வேலை பார்த்துக்கினு இருந்தேன். ஆரணியில வாழ்க்கைப்பட்ட என் அக்கா, தான் போட்ட எச்சிங் படம் ஒண்ணை எங்கிட்ட குடுத்து வெச்சிருந்தா. மெட்ராஸ்ல ஓவியம் படிச்சப்ப போட்டது. செப்புத் தகட்டை ஆசிட்ல அரிச்சு, மை தடவி, காகிதத்துல அழுத்தி எடுக்கிறது. பறக்க ஆசைப்பட்ட ஆமை கதைதான். ரெண்டு கொக்கு ஒரு குச்சியைக் கவ்விக்கினு பறக்கும், நடுவுல ஆமை வாயால தொங்கும். கொக்கு ரெண்டும் வெறும் கோடும் கோணமுமா இருக்கும். ஆமை மட்டும் கண்ணை விரிச்சு நம்மையே பார்க்கும். கீழே பென்சில்ல அக்காவோட கையெழுத்து.

அவ ஊடு மழைக்கு ஒழுகும். அதான் எங்கிட்ட. "டேய், வெயில் படக்கூடாது, தண்ணி படக்கூடாது, பசை கிட்டவே போவக்கூடாது. தகடும் போச்சு, மிச்சம் இது ஒண்ணுதான்"னு சொல்லித்தான் குடுத்தா. ரெண்டு அட்டைக்கு நடுவுல பீரோ மேல வெச்சிருந்தேன்.

டில்லியில நடக்கப்போற கண்காட்சிக்குப் படம் பொறுக்கற ஒருத்தர், ஞாயித்துக்கிழமை எங்க ஊட்டுக்கே வந்து பார்க்கறேன்னு அக்காவுக்குக் கடுதாசி போட்டார். கல்யாணத்துக்கு அப்புறம் தகட்டையே தொடாதவ. நாலு பேருக்கு அவ பேர் தெரிய மிச்சமிருந்த ஒரே வழி அது.

முந்தின நாள் படத்தை வெளிய எடுத்தேன். ஆமை இருந்த எடத்துல காலண்டர்ல கத்தரிச்ச லட்சுமி! ஊத்துக்கோட்டையிலேர்ந்து வந்திருந்த மாமனார் வேலை. பீரோ மேல எதையோ தேடப்போய்ப் பார்த்தாராம். என் பெண்டாட்டி அப்ப ஆறு மாசம்.

"புள்ளத்தாச்சி இருக்கிற ஊட்டுல ஆமையை வெச்சுக்கினு இருப்பாங்களா மாப்ளே? மைதா காய்ச்சி ஒட்டிட்டேன்"னார்.

எனக்கு எப்படி இருக்கும்? கையில ஆசிட் புண்ணோட மாசக்கணக்குல ஒருத்தி போட்டதை, ஒரு கரண்டி மைதாவுல முடிச்சுட்டார்! கத்தினேன். கத்தினதோட நின்னிருக்கணும். அவசரத்துல ஈரத்துணியை வெச்சு நானே உரிச்சேன். லட்சுமி வந்தா. காகிதத்தோட மேல்தோலோட ஆமையும் கூடவே வந்துடுச்சு. பாவி நான்.

ஞாயித்துக்கிழமை அக்கா வந்து பார்த்தா. உரிஞ்ச எடத்தை விரலால தடவிட்டு மேஜை மேல வெச்சா. டில்லிக்குப் பொறுக்க வந்தவர் படத்தை ஜன்னல் கிட்ட கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். "உரிஞ்சது பரவாயில்லைம்மா. ஆமை இல்லாம இன்னும் மாடர்னா இருக்கு. 'ரெண்டு பறவை'ன்னு பேர் போட்டுடலாம். யாராவது கேட்டா இப்படித்தான் போட்டேன்னு சொல்லிடுங்க"ன்னார்.

இன்னா திமிரு பாருங்க! மாமனாராவது பயந்துக்கினு செஞ்சார். இந்த ஆளு படம் தெரிஞ்சவர்!

நான் எழுந்துட்டேன். அக்கா என்னைக் கையமர்த்தினா. "நான் போட்டது ஆமையைத்தான் சார். கொக்கு அதைத் தூக்க வந்துச்சு, அவ்ளோதான்."

"யோசிச்சுக்கங்கம்மா. டில்லி."

அக்கா என் மேஜையிலேர்ந்து ரப்பரை எடுத்தா. குனிஞ்சு, கீழே இருந்த தன் பேரை நிதானமா அழிச்சா. தூளை ஊதிட்டு, "இந்தாங்க, இப்ப எடுத்துக்கினு போங்க"ன்னு அவர் கையில குடுத்தா.