உள்ளே விடுகிறதா என்று பார்த்த நாள்

எங்கள் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கிவிட்ட செய்தி கம்பெனியிலிருந்து எனக்கு வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கடலூரிலும் சிதம்பரத்திலும் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் குழு. எவனுக்கு முதலீடு கிடைத்தது, எந்த ஸ்டார்ட்அப் மூடிக்கொண்டது என்று காலையிலேயே லிங்க் போட ஆரம்பித்துவிடுவோம். போடுகிறவன் உட்பட யாரும் உள்ளே போய்ப் படிப்பதில்லை. தலைப்பு, கீழே அடுத்தவர்கள் போட்ட கமெண்ட், அவ்வளவுதான் எங்கள் படிப்பு.

அன்று லிங்கைப் போட்டது என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் இருக்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி. மச்சான் இன்ஜினியரிங் முடித்தவன். நான் பத்தாவதோடு பள்ளியை விட்டு, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கோடிங் கற்றுக்கொண்டவன். பழைய முதலாளி என் வேலையைப் பார்த்துத்தான் எடுத்தார், சான்றிதழ் கேட்கவில்லை. வாங்கினவன் கேட்பானே. எதைக் காட்டுவேன்? என் சம்பளத்தை விட்டால் வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை.

மச்சான் என்னிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லாமல் குழுவில் ஏன் போட்டான்? போன வாரம் திருவந்திபுரம் கோயிலில் பார்த்தபோதுகூட வாயைத் திறக்கவில்லையே. அன்று அவன் போனை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஒதுங்கியது இப்போது ஞாபகம் வந்து குடைந்தது.

கமெண்டில் ஒருவர் எழுதியிருந்தார், ஆளை வேலையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் லாகினைத்தான் எடுப்பார்களாம். அதைப் படித்த பிறகு வேலை ஓடவில்லை. லாக் அவுட் செய்வேன், திரும்ப உள்ளே விடுகிறதா என்று பார்ப்பேன். விடும். கொஞ்ச நேரத்தில் அந்த நிம்மதி தீர்ந்துபோகும், மறுபடியும் பார்ப்பேன். மத்தியானம் அவசரத்தில் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தேன். பதறி அடித்ததில் அடுத்ததும் தப்பு. அதற்கப்புறம் சரியாக அடித்தும், கணக்கு முடக்கப்பட்டது என்று வந்தது.

வேலை போய்விட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, "எந்தம்பிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா கொறஞ்சா பூடுவீங்க?" என்றாள்.

போனை எடுத்தவனிடம் எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டேன். "உனக்கு முன்னாடியே தெரியும்தானே மச்சான்?"

"எனக்கே காலைலதான் தெரியும் மாமா. நீங்களும் பாப்பீங்கன்னுதான் அங்க போட்டேன்."

லாகின் போனதைச் சொன்னேன்.

"எத்தினி வாட்டி உள்ள போயி பாத்தீங்க?"

எண்ணவில்லை என்றேன்.

"அதான் பூட்டிக்கிச்சு. தப்பா அடிக்கவும் எவனோ திருடன்னு நெனச்சிருக்கும். நானும் காலைலேர்ந்து அதத்தான் பண்ணிக்கினு இருக்கேன். என்னா, நான் காப்பி பேஸ்ட் பண்றேன்."

ஆற்றுப் பக்கம் யாரிடம் பேசினாய் என்று கேட்க வாய் வரவில்லை.

கம்பெனிக்கு எழுதிக் கேட்டதில் சாயங்காலம் கணக்கைத் திறந்துவிட்டார்கள். மறுநாள் மீட்டிங்கில் புது முதலாளி திரையில் வந்து சிரித்தார். எதுவும் மாறாது, எல்லாரும் அப்படியே இருப்பீர்கள் என்றார். பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி சாமி படத்துக்கு விளக்கேற்றப் போனாள். அதே வார்த்தைகளை எங்கள் குழுவில், பிறகு மூடிக்கொண்ட எத்தனையோ கம்பெனிகளின் பெயருக்குக் கீழே படித்திருக்கிறேன்.

மீட்டிங் முடிந்ததும் லாக் அவுட் செய்தேன். பாஸ்வேர்டைக் காப்பி பேஸ்ட் பண்ணினேன். உள்ளே விட்டது.