மையில் தெரியாத பள்ளத்தாக்கு

நிலோபருக்கு முப்பத்தொரு வயது. கிள்ளானில் ஒரு துணிக்கடையில் சுடிதார் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். வேலையில் கெட்டி. துணியைத் தொட்டதுமே அதில் எவ்வளவு பாலியஸ்டர் கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். சனிக்கிழமை மட்டும் ஒரு மணிக்கே வேலை முடிந்துவிடும், ஆனால் வீட்டில் மாலைவரை வேலை என்று சொல்லியிருக்கிறாள். தன் போனைக் கடை மேசை டிராயரில் வைத்துவிட்டுக் கொமியூட்டர் ரயில் ஏறுவாள்.

எல்லாம் அவள் நானா என்று கூப்பிடும் அண்ணன் ஹைதருக்குப் பயந்துதான். மூன்று வருடங்களுக்கு முன் வாப்பா நூர் முகமது, மறதி நோயில் இருந்தவர், வீட்டை விட்டு இறங்கி ஒரு பகல் முழுக்கக் காணாமல் போனார். போன் கட்டிலில் கிடந்தது. போர்ட் கிள்ளானில் ஒரு பஸ் நிறுத்தத்தில் சுருண்டு கிடந்தவரை ஹைதர்தான் கண்டுபிடித்தான். அடுத்த மாதம் வாப்பா மவுத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார். அதற்கப்புறம் ஹைதர் வீட்டில் எல்லார் போனிலும் இருக்கிற இடத்தைக் காட்டும் செயலியைப் போட்டுவிட்டான். தங்கையின் நீலப் புள்ளி தெரியாத தெருவில் பத்து நிமிடம் நின்றால் உடனே போன் அடிப்பான்.

அவள் போவது சுங்கை வேயில் இருக்கும் பள்ளித் தோழி ஷாமினியின் வீட்டுக்கு. அங்கே ஷாமினியும், தொழிற்சாலையில் வேலை செய்யும் சுகுமாறனும், இவளுமாகச் சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரித்து உட்காருவார்கள். ஷாமினி ஒரு கற்பனை நாட்டின் கதையைச் சொல்லுவாள். மற்ற இருவரும் அதில் ஆளுக்கொரு பாத்திரமாகிவிடுவார்கள். என்ன செய்வது என்பதை அவர்களே முடிவு செய்யவேண்டும். பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். நிலோபர் ஒரு பள்ளத்தாக்கின் காவல்காரி. மந்திரம், சடங்கு என்றெல்லாம் வரும் ஒரு விளையாட்டை வீட்டில் போய் எப்படிச் சொல்வது? உம்மா தொழுகைப் பாயிலிருந்தே எழுந்து வந்துவிடுவார்.

ஒரு சனிக்கிழமை, விளையாட்டில் மறைப்புச் சடங்கு. எதிரி மந்திரவாதி வெற்றிலையில் மை தடவி, எந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவான். பள்ளத்தாக்கு அவன் மையில் தெரியாமல் போகவேண்டும். காவல்காரி எல்லைக் கற்களுக்கு நடுவில் நின்று மூன்று முறை பகடை உருட்டி, ஒவ்வொரு முறையும் பத்துக்கு மேல் எடுக்கவேண்டும். முடியும்வரை உள்ளே இருப்பவர் யாரும் வெளியே போகக்கூடாது.

முதல் இரண்டும் பலித்தன. மூன்றாவதற்குக் கையில் பகடையைக் குலுக்கும்போது ஷாமினியின் போன் அடித்தது. கடையில் உடன் வேலை செய்யும் அஞ்சம்மாள். அவசரத்துக்கென்று நிலோபர் அந்த எண்ணை அவளிடம் மட்டும் கொடுத்திருந்தாள்.

"நிலோபர், உங்க அண்ணன் வந்துருக்காரு. மழையா இருக்கு, கார்ல கூட்டிட்டுப் போலாம்னு வந்தாராம். நீ ஒரு மணிக்கே போய்ட்டேன்னு முதலாளி சொல்லிட்டாரு. உன் நம்பருக்கு அடிச்சாரு, டிராயருக்குள்ள அடிக்குது. மூஞ்சிய பாக்க முடியலமா. போலீசுக்குப் போறேன்றாரு."

நிலோபர் பகடையைக் கீழே வைத்தாள். போனை விட்டுவிட்டுப் போன இன்னொருவரை அவன் எப்படித் தேடினான் என்பது அவளுக்குத் தெரியும்.

"நானாகிட்ட குடுக்கா."

அந்தப் பக்கம் போன் கை மாறியது.

"நானா, நான் ஷாமினி வீட்டுல இருக்கேன். சுங்கை வே. நல்லா இருக்கேன்."

"அங்கேயே இரு," என்றான். "எங்கயும் போகாதே."

முக்கால் மணி நேரத்தில் நனைந்த சட்டையோடு வந்தான். திட்டவில்லை. ஷாமினி கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து வரைபடத்தையே பார்த்தான். என்ன விளையாட்டு என்று சுகுமாறன் தயங்கித் தயங்கிச் சொன்னான். ஹைதர் முழுதும் கேட்டான்.

"உள்ள இருக்கறவங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆனா, வெளியே இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

ஷாமினி வரைபடத்தை மடித்தாள். அன்றைக்கு ஆட்டம் அதோடு நின்றது.

திரும்பும்போது அவன் சாவியைக் கொடுத்துவிட, நிலோபர்தான் கார் ஓட்டினாள். பெடரல் ஹைவே மழையில் நகரவேயில்லை.

"என்கிட்ட சொல்லிருக்கலாம்ல, நீலு?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அந்தப் புள்ளிய எடுத்துடுங்க நானா. போன் இனிமே என்கிட்டதான் இருக்கும். நீங்க அடிச்சா எடுப்பேன்."

"எடுக்கலன்னா?"

"எடுப்பேன்."

அவனால் தன் கையால் அதை நீக்க முடியவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் தன் போனை அவளிடம் நீட்டினான். அவள்தான் நீக்கினாள்.

அடுத்த சனிக்கிழமை அவன் ஒன்பது முறை அடித்தான். ஒவ்வொரு முறையும் அவள் எடுத்தாள். மற்ற இருவரும் காத்திருந்தார்கள். "பரவால்ல லா, பொறுமையா பேசு," என்றான் சுகுமாறன். மாலை ஆறு மணிக்குத்தான் மூன்றாவது பகடை விழுந்தது. பதினான்கு. பள்ளத்தாக்கு மறைந்தது.

இப்போது சனிக்கிழமைக்கு இரண்டு முறைதான் அடிக்கிறான். போன் அதிரும்போதெல்லாம் அவள் பகடையைக் கீழே வைத்துவிடுகிறாள். உம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. மகள் எங்கே என்று கேட்டால், ஷாமினி வீட்டுக்குப் போயிருக்கிறாள், சாயங்காலம் வந்துவிடுவாள் என்று ஹைதரே சொல்லிவிடுகிறான்.